ஆறிய எஞ்சினில் பழுதில்லை

தங்கள் வாகனத்தில் எந்தப் பழுதும் இல்லை என்று பணிமனையிலிருந்து கைபேசிக்குச் செய்தி வந்தபோது, அந்த வாகனம் ஏரிக்கரைச் சாலையின் நடுவில் செத்துக் கிடந்தது. உள்ளே தையற்காரரின் மனைவி வீங்கிய கால்களை முன்பலகைமேல் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையற்காரர் வெளியே, திறந்த பானட்டுக்குப் பக்கத்தில் நின்றபடி செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். பின்னால் நின்ற லாரியின் ஓட்டுநர் ஹாரனை விடாமல் அமுக்கினார். பழுதே இல்லாத வண்டியை ஒரு மனிதர் ஏன் நடுரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறார் என்பது அவருக்கு விளங்கவில்லை. நியாயமான சந்தேகம்தான்.

அந்த அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. ஒருநாள் விட்டு ஒருநாள் ஏரிக்கு அக்கரையில் உள்ள மருத்துவமனைக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். விடிந்தும் விடியாததுமாக அவருடைய முறை. அந்த நேரத்தில் பேருந்து கிடையாது, வாடகை வண்டிக்காரர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதும் கிடையாது. அதற்காகவே வாங்கிய வண்டி இது. ஒரு முறை தவறினாலும் உடம்பில் தேங்கும் நீர் நுரையீரலுக்கு ஏறிவிடும், பிறகு தன்னைக் குறை சொல்லக் கூடாது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார்.

வண்டியின் நோய் எளிமையானது. காலையில் குளிர்ந்திருக்கும்போது சமர்த்தாகக் கிளம்பும். ஏரிக்கரையில் பாதி தூரம் வந்து எஞ்சின் நன்றாகச் சூடானதும், ஒரு சத்தமும் போடாமல் அணைந்துவிடும். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றும், பிடிக்காது. பானட்டைத் திறந்துவைத்து, அது ஆறும்வரை காத்திருந்தால், எதுவுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும்.

"சாவியத் திருப்பும்போது இந்த முள்ளு அசையவே மாட்டேங்குது பாருங்க," என்று எஞ்சின் சுற்றைக் காட்டும் முள்ளை அவர் மனைவி ஒருநாள் காட்டினார். "நல்லா இருக்கும்போது கொஞ்சமாவது துள்ளும்."

தையற்காரர் இதைப் பணிமனையில் சொன்னார். வரவேற்பில் இருந்த ஆலோசகர் கழுத்துப்பட்டையைச் சரி செய்துகொண்டு, மிகவும் சுவாரஸ்யமான தகவல் என்றார். எழுதிக்கொள்ளவில்லை.

அந்தப் பணிமனையைப் பணிமனை என்று சொன்னால் அங்கே இருப்பவர்களுக்குக் கோபம் வரும். வாகன நலப் பராமரிப்பு நிலையம் என்று சொல்ல வேண்டும். கண்ணாடிக் கதவு, பளிங்குத் தரை, பெரிய சோபாக்கள். ஒரு மூலையில் காபி இயந்திரம், அதன்மேல் 'பழுது' என்று ஒட்டிய காகிதம். காகிதம் மஞ்சள் பூத்திருந்தது. கூடத்துக்கு நடுவில் தனிக் கண்ணாடி அறையில், குளிர்சாதனக் காற்றில், மெஷின் இருந்தது. வண்டிகளின் நோயைக் கண்டுபிடிக்கும் மெஷின். அதன் அறைக்குள் போகிறவர்கள் காலுக்கு உறை மாட்டிக்கொண்டார்கள், பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள். ஊழியர்கள் அதை 'மெஷின்' என்றுகூடச் சொல்வதில்லை. 'அது' என்பார்கள். அது என்ன சொல்லுது? அது இன்னும் சொல்லல.

மெஷினிடம் காட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு வண்டியும் ஓய்வுக் கொட்டகையில் நின்று முழுவதும் ஆற வேண்டும் என்பது நிலையத்தின் விதி. ஓடிக் களைத்த எஞ்சின் பதற்றத்தில் இருக்கும், பதற்றத்தில் இருப்பது தவறான வாக்குமூலம் கொடுக்கும் என்று ஆலோசகர் விளக்கினார். அதன்படி தையற்காரரின் வண்டி கொட்டகையில் இளைப்பாறியது. ஆறியது. பிறகு மெஷின் கேட்டது, வண்டி தனக்கு ஒரு குறையும் இல்லை என்றது.

"ஆறினா நல்லாத்தான் இருக்கும். சூடானாத்தான் நிக்குது," என்றார் தையற்காரர்.

"அப்ப சூடாக்காம ஓட்டுங்க சார்," என்றார் ஆலோசகர், உதவி செய்ய வேண்டும் என்ற உண்மையான அக்கறையோடு.

கொஞ்ச தூரம் நீங்களே ஓட்டிப் பாருங்களேன் என்று தையற்காரர் கெஞ்சினார். அதற்கும் ஒரு விதி இருந்தது. பழுதான வண்டியை நிலையத்து ஊழியர் சாலையில் ஓட்டக் கூடாது, ஆபத்து. பழுதில்லை என்று மெஷின் சொன்ன வண்டியைத்தான் ஓட்டிப் பார்க்கலாம். ஆனால் பழுதில்லை என்று மெஷினே சொல்லிவிட்ட வண்டியை எதற்காக ஓட்டிப் பார்க்க வேண்டும்? ஆலோசகர் இதைக் கேட்டுவிட்டுப் பதிலுக்காக உண்மையாகவே காத்திருந்தார். தையற்காரருக்கு வாழ்நாளெல்லாம் சட்டை சரியில்லை என்று வந்தவரைப் போட்டுக் காட்டச் சொல்லித்தான் பழக்கம்.

வெளியே வேறு பட்டறைக்குப் போகவும் வழியில்லை. வேறு யாராவது கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும். போதாக்குறைக்கு, இந்த வண்டிக்குப் புதிதாக எந்தச் சாமானைப் பொருத்தினாலும் நிலையத்து மெஷின்தான் அதை எஞ்சினுக்கு அறிமுகம் செய்துவைக்க வேண்டுமாம். அறிமுகம் இல்லாத சாமானோடு எஞ்சின் பேசாது. அவ்வளவு மரியாதைக்காரக் குடும்பம்.

அடுத்த முறை தையற்காரர் ஒரு தந்திரம் செய்தார். வண்டி வழியில் நின்று, லேசாக ஆறிக் கிளம்பியதும், எங்கும் நிறுத்தாமல் நேராக நிலையத்துக்குள் ஓட்டி வந்தார். வாசலில் அது மறுபடி அணைந்தது. இதோ, இப்போது பாருங்கள், இந்த நிமிடம் பாருங்கள் என்று கூவினார். ஆலோசகர் ஓடி வந்தார், இரண்டு பேர் ஓடி வந்தார்கள். எல்லோரும் சேர்ந்து வண்டியை மிகுந்த பரிவோடு ஓய்வுக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஒருவர் பெரிய மின்விசிறியைக் கொண்டுவந்து எஞ்சினுக்கு முன்னால் வைத்தார்.

"காய்ச்சல் அடிக்கிறப்பப் பாத்தாத்தானே காய்ச்சல்னு தெரியும்?" என்றார் தையற்காரரின் மனைவி. அன்று டயாலிசிஸ் முடிந்து வந்திருந்ததால் சோபாவில் சாய்ந்திருந்தார்.

"காய்ச்சல் இருக்கும்போது பாத்தா காய்ச்சல்தானே மேடம் தெரியும்? உடம்பு எப்படி இருக்குன்னு தெரியாதே," என்றார் ஆலோசகர்.

இப்படிப் பல தடவை போய்வந்த பிறகு ஒருநாள் மெஷின் வாய் திறந்தது. எஞ்சின் முழுவதும் ஆறுவதற்குள் யாரோ தெரியாமல் இணைப்பைக் கொடுத்துவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்த ஊழியர் கண்டிக்கப்பட்டார். ஆனால் அது சொல்லிவிட்டது, சொன்னதைச் சொல்லவில்லை என்று ஆக்க முடியாது. எஞ்சினுக்கு அடியில் கிராங்க் என்ற தண்டு சுற்றுகிறது, மேலே கேம் என்ற தண்டு சுற்றுகிறது, இரண்டும் ஒன்றுக்கொன்று நேரம் தவறாமல் சுற்ற வேண்டும், ஒவ்வொன்றையும் கவனிக்க ஒவ்வொரு சென்சார் உட்கார்ந்திருக்கிறது. அந்த இரண்டு சென்சார்களும் சொல்வது ஒத்துப்போகவில்லை. இவ்வளவுதான் அது சொன்னது.

தையற்காரருக்கு இது உடனே பிடிபட்டது. தையல் மெஷினிலும் ஊசி இறங்கும் நேரத்துக்கு அடியிலிருந்து ஷட்டில் வந்து நூலைக் கவ்வ வேண்டும். தவறினால் தையல் விட்டுப்போகும். நிம்மதியாக மூச்சு விட்டார். ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்கு உலகம் இறங்கி வந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். மனைவி சிரித்தார். வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

நிலையம் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. இரண்டு சென்சார்களில் எது பொய் சொல்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் குழுவின் வேலை. தையற்காரரையும் உட்காரவைத்தார்கள், வாடிக்கையாளர் பங்கேற்பு என்று அதற்குப் பெயர். மேலாளர் எழுந்து பேசினார். கறுப்புக் கோட்டு போட்ட, மிகவும் பண்பான மனிதர்.

"கிராங்க்கிறது எஞ்சினோட அடிப்படை. அடிப்படைய நாம சந்தேகப்படலாமா? அத சந்தேகப்பட்டா வடிவமைப்ப சந்தேகப்படணும். வடிவமைப்ப சந்தேகப்பட்டா தலைமையகத்த சந்தேகப்படணும். அங்க யார் இருக்காங்கன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். ஆனா கேம் சென்சார் மேல இருக்கு, கைக்கு எட்டுது, மாத்துறதும் சுலபம். ஆகவே தப்பு அதோடதுதான்."

எல்லோரும் கை தட்டினார்கள். தையற்காரரும் தட்டினார், தட்டாமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று.

கேம் சென்சாரை மாற்றினார்கள். புதியதை மெஷின் எஞ்சினுக்கு அறிமுகம் செய்துவைத்தது. வண்டிக்கு மேல் பட்டுத்துணி போர்த்தி, அதை விலக்கி, தையற்காரர் கையில் அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கொடுத்துப் படம் எடுத்தார்கள். அந்தப் படம் இன்னமும் வரவேற்பறைச் சுவரில் இருக்கிறது. படத்தில் உள்ள வண்டி அடுத்த நாள் காலை ஏரிக்கரையில் நின்றது. சரியாகப் பழைய இடத்தில், ஒரு முழம் முன்னே பின்னே இல்லாமல்.

இனிமேல் கெட்டுப்போக வண்டியில் எதுவும் மிச்சமில்லை என்ற முடிவுக்கு நிலையம் வந்தது. அப்படியானால் கோளாறு ஓட்டுகிறவரிடம். தையற்காரரை ஓட்டுநர் நம்பிக்கை வகுப்புக்கு அனுப்பினார்கள். போகாவிட்டால் அடுத்த புகாரை ஏற்க மாட்டார்கள் என்பதால் போனார். அங்கே அவரைப்போல் இன்னும் சிலர் இருந்தார்கள். ஒரு பெண்மணியின் வண்டியில் கண்ணாடி துடைப்பான் தானாக ஓடுமாம். மனதுக்குள் மழையை எதிர்பார்க்கிறீர்களா என்று பயிற்சியாளர் அவரிடம் கனிவோடு கேட்டார். அந்தப் பெண்மணி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, இருக்கலாம் என்றார். அவருக்குச் சான்றிதழ் கிடைத்தது.

தையற்காரரின் முறை வந்தது. வண்டி நிற்பதற்கு முந்தைய கணம் மனதில் என்ன ஓடியது என்று கேட்டார்கள்.

"நின்னுடுமோன்னு பயம்," என்றார்.

பயிற்சியாளர் வகுப்பைப் பார்த்துத் தலையை ஆட்டினார். வகுப்பும் தலையை ஆட்டியது. தையற்காரருக்கே ஒரு கணம் தான்தானோ என்று தோன்றிவிட்டது. அதுதான் கொடுமை. அன்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் வண்டி நிற்காது, நிற்காது என்று நினைத்துக்கொண்டே ஓட்டினார். நின்றது. பயந்து நினைத்திருப்பேன் போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

இதற்கிடையில் அவர்கள் இருவரும், வண்டி செத்துப் பிழைக்கும் நேரத்தையும் சேர்த்துக்கொண்டு இன்னும் முன்னதாகவே வீட்டை விட்டுக் கிளம்பப் பழகியிருந்தார்கள். அப்படியும் சில நாள் தாமதமாகிவிடும். தாமதமானால் அடுத்தவருடைய முறை காத்திருக்கும், அந்த அம்மாவுக்குச் சுத்திகரிப்பைப் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அன்று மாலையே கால் வீங்கும். இரவில் தட்டையாகப் படுக்க முடியாமல் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்துகொள்வார். தையற்காரர் பக்கத்தில் விழித்துக் கிடந்து அந்த மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார்.

ஒருநாள் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிலையத்தின் தலைமைத் தொழில்நுட்பர் அவரைத் தனியாகப் பிடித்தார். வெளிநாட்டில் படித்தவர், பல பட்டங்கள் பெற்றவர். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கிராங்க் சென்சார்தான் என்றார். சூடானால் உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் விட்டுப்போகிறது, ஆறினால் ஒட்டிக்கொள்கிறது. சென்சார் செத்தால் கிராங்க் சுற்றுவதே எஞ்சினுக்குத் தெரியாது, முள்ளும் அசையாது. முள்ளைப் பற்றித் தையற்காரர் வந்து சொன்ன நாளிலேயே தனக்குத் தெரியும், ஆலோசகருக்குத் தெரியும், மேலாளருக்கும் தெரியும் என்றார்.

"அப்ப மாத்திடலாமே?"

"மாத்தணும்னா அது சொல்லணும்."

"சூடா இருக்கும்போது கேட்டா அது சொல்லுமே சார்."

"சொல்லும். ஆனா நான் விதிய மீறினதாயிடும்." தலைமைத் தொழில்நுட்பர் பெருமூச்சு விட்டார். "இப்படி வச்சுக்குங்க. அது சொல்லாம நானே மாத்திடறேன். வண்டியும் சரியாயிடுது. உடனே ஒருத்தர் கேப்பார், அப்ப மெஷின் எதுக்குன்னு. இன்னொருத்தர் அந்த ரூமுக்கு ஏசி எதுக்கும்பார். கடைசியில நான் எதுக்குன்னு கேப்பாங்க. வண்டி சரியாகலன்னா இந்தத் தொல்லை ஒண்ணும் இல்ல பாருங்க."

பேசி முடித்துவிட்டுப் பழக்க தோஷத்தில் காபி இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை. வெறும் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தையற்காரர் தலைமையகத்துக்குப் புகார் செய்தார். தலைமையகம் அதை மிகத் தீவிரமாக எடுத்துக்கொண்டு, நம்பிக்கைப் பயணம் ஒன்றுக்கு உத்தரவிட்டது. அதாவது நிலைய மேலாளரே வாடிக்கையாளரின் வண்டியில் கூடவே உட்கார்ந்து போய் அவருடைய நம்பிக்கையை மீட்டெடுக்க வேண்டும். மேலாளர் ஒப்புக்கொண்டார். டயாலிசிஸ் நாளன்று அதிகாலையில் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வந்து, கையடக்கமான சின்ன மெஷின் ஒன்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பின்சீட்டில் அமர்ந்தார். முந்தைய சுத்திகரிப்பும் பாதியில் நின்றுபோனதால் அந்த அம்மாவின் முகம் அன்று உப்பியிருந்தது. வணக்கம் சொல்வதற்கே அவருக்கு நேரம் பிடித்தது.

வழியெல்லாம் மேலாளர் நிலையத்தின் சாதனைகளைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஏரிக்கரையில் பழைய இடத்தில், எஞ்சின் அணைந்தது.

வண்டி உருண்டு ஓரமாக நின்றது. தண்ணீர் கரையில் மோதும் சத்தம் கேட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் மேலாளர்.

"நான் நிறுத்தல. நின்னுடுச்சு."

மேலாளர் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. வண்டி நின்றுவிட்டது என்று சொல்வதற்கு அடிப்படை வேண்டும், தற்சமயம் அது முன்னேறாத நிலையில் இருக்கிறது என்று வேண்டுமானால் சொல்லலாம் என்றார். தையற்காரர் அவர் மடியில் இருந்த சின்ன மெஷினைக் காட்டி, இப்போதே மாட்டிப் பாருங்கள் என்றார். மேலாளர் இரண்டு கையாலும் அதை அணைத்துக்கொண்டார். எஞ்சின் இவ்வளவு சூடாக இருக்கும்போதா?

அப்போது தையற்காரரின் மனைவி மெதுவாகச் சொன்னார். "என்னங்க, மூச்சு முட்டுது."

தையற்காரர் திரும்பவில்லை. அவர் பானட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார், ஆறிவிடும், கொஞ்சம் பொறுத்தால் ஆறிவிடும் என்று. அவர் வாய் தானாகப் பேசியது.

"போன தடவை ரிப்போர்ட்ல எல்லாம் சரியாத்தானே இருந்துச்சு?"

சொல்லி முடித்த பிறகுதான் அது தன் காதில் விழுந்தது. பின்சீட்டில் மேலாளர் ஆமோதிப்பதுபோல் தலையை ஆட்டியதைக் கண்ணாடியில் பார்த்தார். மனைவி அவரை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். கோபமாகக்கூட இல்லை.

"உங்களுக்கும் டை கட்டி விட்டுட்டாங்களா?" என்றார்.

கதவைத் திறந்து, வீங்கிய காலைத் தரையில் ஊன்றி இறங்கி, காரைப் பிடித்துக்கொண்டு நின்று கையை நீட்டினார். பால் வண்டி ஒன்று வந்து நின்றது. தையற்காரர் சாவியை அப்படியே விட்டுவிட்டு ஓடினார். ஓடிப்போய் அவரைத் தூக்கி ஏற்றி, கேன்களுக்கு நடுவில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். மருத்துவமனை வரும்வரை அந்த அம்மா வாயைத் திறந்து காற்றுக்குத் தவித்தார். தையற்காரர் தன் வாழ்க்கையில் அவ்வளவு பயந்ததில்லை. வகுப்பில் சொன்ன பயமெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

வாசலில் இருந்த செவிலியர் எந்தத் திரையையும் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் கணுக்காலைக் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினார், எழும்பாமல் கிடந்த குழியைப் பார்த்தார், மூக்கில் ஆக்சிஜனை வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு தையற்காரரை உள்ளே விட்டார்கள். மனைவி கண்ணை மூடிப் படுத்திருந்தார். கையிலிருந்து சிவப்புக் குழாய்கள் போய்க்கொண்டிருந்தன, மூச்சு சீராக இருந்தது. தையற்காரரின் சட்டைப்பையில் கைபேசி அதிர்ந்தது. நம்பிக்கைப் பயணம் இனிதே நிறைவுற்றதாக நிலையம் தெரிவித்திருந்தது. வாகனம் சிறிது ஓய்வுக்குப் பின் மேலாளரால் இயக்கப்பட்டு, எந்தக் குறையும் இன்றி நிலையம் வந்து சேர்ந்தது. பரிசோதனையில் பழுது எதுவும் கண்டறியப்படவில்லை. வழியில் பயணி ஒருவர் தம் சொந்த விருப்பத்தின்பேரில் இறங்கிக்கொண்டார்.

தையற்காரர் கைபேசியை அணைத்துவிட்டு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். குழாய் இல்லாத கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார்.

"மூச்சு முட்டுதா?" என்று கேட்டார்.

அவர் மனைவி கண்ணைத் திறக்காமலே சொன்னார். "இப்ப இல்ல. அப்ப முட்டுச்சு."

"ஆமா," என்றார் தையற்காரர். "முட்டுச்சு."